ஏவியவனே செய்தவன்

கருவிக்குக் குற்றமில்லை, கைக்கே குற்றமுண்டு. கத்தியைப் பழித்துக் கொலைஞனை விடுக்கும் முறைமன்றம் எங்கும் இல்லை. இவ்வெளிய உண்மையைக் குழப்பும் பழக்கமொன்று இந்நாளில் தலையெடுத்துள்ளது. கம்பியில்லா அலைகளைப் பற்றவும் பரப்பவும் வல்ல கையடக்கக் கருவியைச் செய்யறிவு முகவரிடம் ஒப்படைத்துவிட்டு, உரியவன் வேறோர் ஊரில் அமர்ந்து, “ஆய்ந்து பார்” என்று ஒரு சொல் எழுதி விடுப்பதே அப்பழக்கம். இதனை அறிவின் வெற்றியென்று கொண்டாடுவாரும் உளர். கொண்டாடுமுன் ஆராய்க.

பிளிப்பர் சீரோ என்னும் கருவி 2020ஆம் ஆண்டில் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி உருவாக்கப்பட்டது. உள்ளங்கையில் அடங்கும் அது, 125 கிலோஎர்ட்சிலும் 13.56 மெகாஎர்ட்சிலும் இயங்கும் நுழைவட்டைகளைப் படிக்கும். அகச்சிவப்புக் கதிரால் தொலைக்காட்சியை இயக்கும். வாயிற்கதவின் தொலையியக்கி விடுக்கும் அலையைப் பதிந்து மீண்டும் விடுக்கும். கணிப்பொறியிற் செருகினால் விசைப்பலகைபோல் நடித்து எழுத்துகளைத் தட்டும். மாறாக் குறியீடுடைய பழங்கதவு அதற்குத் திறக்கும். அழுத்துந்தோறும் குறியீடு மாறும் புதுப்பூட்டோ, முன் பதிந்த அலையை மீண்டும் விடுப்பதனால் மட்டும் திறவாது. தன் வீட்டுப் பூட்டின் வலிமையைத் தானே ஆய்ந்தறிய விழையும் மாணவனுக்கு அது நல்லாசிரியன்.

ஆகலின், அதனை வேரோடு தடைசெய்க என்பாரும் பிழைபட்டோரே. ஊர்தித் திருட்டு மிகுந்தமையால் கனடா அரசு 2024 பிப்பிரவரியில் இத்தகைய கருவிகளைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. அடுத்த திங்களே, முறையாகப் பயன்படுத்துவோர்க்கு இடம்விட்டுத் தளர்த்தியது. தளர்த்தியது நன்றே. கேடு கருவியில் இல்லை. அதனை இயக்கும் கை மறைவதில் இருக்கின்றது.

கை மறையாத காலத்திலேயே கம்பியில்லா அலை விளைத்த கேடு சிறிதன்று. 2000ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்தில், வேலை மறுக்கப்பட்ட ஒருவன் வானலை வழியாக மரூச்சிப் பகுதியின் கழிவுநீர் ஏற்றிகளைத் தாறுமாறாக இயக்கினான். ஏறத்தாழ 8 இலக்கம் இலிட்டர் கழிவுநீர் ஆற்றிலும் பூங்காக்களிலும் பாய்ந்தது. 2008இல் போலந்தின் வூச்சு நகரில் 14 அகவைச் சிறுவன், தொலைக்காட்சி இயக்கியைத் திருத்தியமைத்து டிராம் வண்டிகளின் பாதையை மாற்றினான். 4 வண்டிகள் தடம்புரண்டன. 12 பேர் புண்பட்டனர். எனினும் அவ்விருவரும் பிடிபட்டனர். கை இருந்தது, ஆகவே வினைமுதலும் இருந்தான்.

இனி முகவரின் நிலையை நோக்குக. கருவியைக் கணிப்பொறியோடு இணைத்தால், கட்டளைகளாலேயே அதனை இயக்கலாம். அக்கட்டளைகளை முகவர் தானே எழுதும். விடையைப் படித்து அடுத்த அடியைத் தானே வகுக்கும். ஆனால் அக்கதவு யாருடையது? அதன்கீழ் குழந்தை நிற்கின்றதா? அறியாது. தான் படிக்கும் எழுத்தில் எது செய்தி, எது ஏவல் என்று பிரித்தறிவதிலும் அது தடுமாறும். அட்டையொன்றில் பிறன் ஒளித்துவைத்த சொல்லைத் தன் தலைவன் ஆணையென்று அது கொள்ளவுங் கூடும்.

தீய ஏவலை மறுக்க அதனைப் பயிற்றியுள்ளனரே எனின், உண்மை. ஆயின், “இஃது என் வீட்டுக் கதவு” என்று பொய்யன் ஒருவன் எழுதினால், சென்று பார்த்துத் தெளிய அதற்குக் கால் ஏது?

தமிழிலக்கணம் வினைமுதலை இரண்டாகப் பகுக்கும். அரசன் கட்டிய கோயில் என்றால் அரசன் ஏவுதல் வினைமுதல். தச்சன் கட்டிய கோயில் என்றால் தச்சன் இயற்றுதல் வினைமுதல். உளியோ வெறுங்கருவி. தச்சன் பழிக்கு நாணுவான். தவறினால் தண்டமும் ஏற்பான். முகவர் நாணாது, சிறை புகாது, இழப்பீடும் தாராது. எனவே அது தச்சனன்று, பேசும் உளி. உளிமேற் பழி சாற்றலாகாது. ஆதலின் முழுவினையும் ஏவியவன் தலைமேலேயே நிற்கும். “நான் ஆய்ந்து பார் என்றுதான் சொன்னேன், திறந்தது பொறியே” என்னும் உரை, கோழையின் உரை.

செய்யத் தக்கது யாது? அலையைக் கேட்கவும், பதிந்ததைப் பகுத்துரைக்கவும் முகவர் துணைசெய்யட்டும். அலையை விடுக்கும் விசையை மட்டும் அதனிடம் தருதல் கூடாது. ஒவ்வொரு முறையும், கதவுக்குரியவன் இசைவோடு, கதவைக் கண்ணாற் காணும் மாந்தனே அதனை அழுத்துக. ஏவியது யாது, எப்பொழுது, எவர் சொல்லால் என்பன அழியாமற் பதியப்படுக. மென்பொருள் வகுப்போர் இவ்வரம்பைக் கருவியிலேயே அமைக்க. மீறுவோனைச் செய்தவனாகவே சட்டம் கொள்க.

அறிவை வளர்ப்போம், அஞ்ச வேண்டா. ஆனால் விரலைப் பொறிக்குக் கொடுத்தவன் பழியையும் அதற்கே கொடுத்து ஓட விடோம்!