கடலடி எண்ணெயும் கரையோர ஜனங்களும்

மன்னார் வளைகுடாவை அடுத்த ஆழ்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்கு மத்திய சர்க்கார் 2025 பிப்ரவரியில் ஏலம் கோரியதும், மறுமாதமே முதலமைச்சர் என்ற முறையில் ஸ்ரீ மு. க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதி அதை ஆட்சேபித்ததும் நேயர்கள் அறிந்தவையே. ஏலத்துக்கு வந்த பரப்பு ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர். கடலுக்கு வெகுதூரத்தில் பனியன் தொழிலால் ஜீவிக்கும் வீரபாண்டிக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் ஊர்ச் சாயப் பட்டறைகளின் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளிவிடாமல் காய்ச்சி வற்றச் செய்வதற்கு ஓயாமல் நீராவி வேண்டும். அதற்கு விறகும் மின்சாரமும் மலைமலையாய்ச் செலவாகின்றன. ஆகவே, "நம் கடலில் வாயு கிடைத்தால் கொதிகலனுக்கு மலிவான எரிபொருள் வரும், மீனவர் கூச்சலுக்காக இதைத் தடுப்பதா?" என்று நண்பர்கள் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த வாதத்தை நாம் ஒப்பவில்லை.

தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்குகிறது. சொந்த எண்ணெயைத் தேடுவது தேசியக் கடமை என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. 1974இல் பம்பாய்க்கு மேற்கே கடலடிச் சுண்ணாம்புப் பாறையில் எண்ணெய் கண்டபோதும், இரண்டே வருஷத்தில் அதை வெளிக்கொணர்ந்தபோதும் தேசம் பெருமை கொண்டது நியாயமே. ஆனால் எல்லாக் கடலும் பம்பாய்க் கடல் அல்ல.

காவேரிப் படுகை என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லும் பகுதி, பதினைந்து கோடி வருஷங்களுக்கு முன் தென்கண்டம் பிளவுபடத் தொடங்கிய காலத்தில், பூமி மேடும் பள்ளமுமாக முறிந்ததால் உண்டானது. பள்ளங்களில் வண்டல் படிந்தது. அதில் புதைந்த உயிர்ப்பொருள் உஷ்ணத்தால் எண்ணெயும் வாயுவுமாக மாறிற்று. அவ்வெண்ணெய் ஓடி ஒதுங்குவதற்கு நுண்துளையுள்ள பாறை வேண்டும். அது தப்பிப் போகாதபடி மூடி போன்ற களிப்பாறை வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கிணறு வறண்டதே. பாண்டிச்சேரிக்குத் தெற்கேயுள்ள பி.ஒய்.-1 என்னும் வயலில் வாயு இருப்பது மணற்பாறையில்கூட அல்ல, வெடிப்பு விழுந்த கருங்கல்லில். 2009இல் அங்கிருந்து குழாய் வழியாகப் பிள்ளைப்பெருமாநல்லூர்க் கரைக்கு வாயு வந்தது. எதிர்பார்த்த அளவு நிலைக்கவில்லை. கல்லின் வெடிப்புகளில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று மேலிருந்து அளப்பது அவ்வளவு கடினம். பக்கத்திலுள்ள பி.ஒய்.-3 வயல் 1997 முதல் எண்ணெய் தந்து 2011இல் நின்றது.

இவற்றையெல்லாம் சிறிதாக்கும் உதாரணம் காக்கிநாடாவுக்கு எதிரே இருக்கிறது. கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் 2002இல் ரிலையன்ஸ் கம்பெனி வாயு கண்டது. எடுக்கக்கூடியது பத்து லட்சம் கோடி கன அடி என்று கணக்குச் சொல்லப்பட்டது. தினம் 8 கோடி கன மீட்டர் வரும் என்று திட்டம். 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கி, மறுவருஷம் 6 கோடியை எட்டியதோடு சரி, பிறகு சரிந்தது. கிணறுகளில் நீரும் மணலும் புகுந்தன. பத்து என்ற கணக்கு ஏறக்குறைய மூன்றாகச் சுருங்கிற்று. முதலில் கண்ட அவ்விரு வயல்களும் 2020 பிப்ரவரியில் அடியோடு நின்றன. அண்டை வயல்களிலிருந்து வாயு பின்னர் வந்தது உண்மைதான். ஆனால் முதற் கணக்கை வேதவாக்காகக் கொண்டு கட்டிய மின்சார நிலையங்கள் பல வாயுவின்றி வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. கடன் கொடுத்த பாங்கிகளும், அவற்றில் பணம் போட்டிருந்த ஜனங்களும் அந்தக் கணக்கின் விலையைச் செலுத்தினார்கள்.

மலிவு என்பதும் மனப்பால் குடிப்பதே. ஆழ்கடல் வாயுவுக்குச் சாதாரண வாயுவைக் காட்டிலும் உயர்ந்த விலை வரம்பை மத்திய சர்க்கார் 2016 முதல் அனுமதித்திருக்கிறது. உள்நாட்டு வாயுவைப் பங்கிடுவதில் வீட்டு அடுப்புக்கும் வாகனங்களுக்கும் முன்னுரிமை என்பது சர்க்காரின் கொள்கை. வீரபாண்டிக் கொதிகலன் வரிசையில் எங்கே நிற்கும் என்பதை நண்பர்கள் யோசித்தார்களா?

இனி உரிமை விஷயம். அரசியல் சட்டத்தின் 297ஆவது ஷரத்துப்படி கடலடியிலுள்ள கனிப்பொருள் யாவும் மத்திய சர்க்காரைச் சேர்ந்தவை. நிலத்தில் எண்ணெய் கிடைத்தால் ராஜ்யத்துக்கு ராயல்டி உண்டு; கடலில் கிடைத்தால் தம்பிடி இல்லை. டெல்டா விவசாயத்தைக் காக்க நம் சட்டசபை 2020இல் இயற்றிய சட்டமும் கரையோடு நின்றுவிடுகிறது. வருமானந்தான் இல்லை, வார்த்தையாவது உண்டா என்றால் அதுவும் பறிபோயிற்று. எண்ணெய் தேடும் கிணறுகளுக்குச் சுற்றுப்புற விளைவு ஆராய்ச்சியும் ஜனங்களிடம் கருத்துக் கேட்பதும் தேவையில்லை என்று 2020 ஜனவரியில் விதி திருத்தப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று எவருக்கும் தெரியாத கட்டத்திலேதான் அபாயம் அதிகம். அந்தக் கட்டத்தில்தான் வாயை மூடச் சொல்கிறார்கள். 2010இல் மெக்ஸிகோ வளைகுடாவில் பதினொரு பேர் மாண்டு, 87 நாள் எண்ணெய் கொப்பளித்தது, தோண்டி முடிக்கும் தறுவாயில் இருந்த ஒரு கிணற்றிலிருந்துதான். நம் எண்ணூரில் 2017இல் இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளி கொண்டு அள்ளியதை நாடே கண்டது. அப்படிப்பட்ட ஆயத்தத்தோடு, 21 தீவுகளும் பவழப் பாறைகளும் கொண்ட கடற்பூங்காவுக்கு அடுத்த ஆழ்கடலில் துளையிடப் போகிறோமா?

திருப்பூர் வட்டாரத்தார் இதை மற்றவர்களைவிட நன்றாக உணர வேண்டும். நொய்யலில் நாம் விட்ட சாயநீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. அவர்களை அன்று எவரும் கேட்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை ஹைக்கோர்ட் பட்டறைகளையே மூடச் சொல்லி உத்தரவிட்டபோது தொழிலாளிகள் வேலையிழந்து நின்றார்கள். கீழே இருப்பவரை முதலிலேயே கேட்டிருந்தால் நமக்கே லாபமாயிருக்கும். பாம்பனிலும் தூத்துக்குடியிலும் வலை வீசுகிறவர்கள் இன்று அந்த இடத்தில் இருக்கிறார்கள்; நம் கொதிகலனைக் காட்டி அவர்கள் வாயை அடைக்க நாம் உடன்படலாகாது.

தேடவே கூடாது என்பது நமது கட்சியல்ல. 2020ஆம் வருஷத்து விலக்கை ரத்து செய்து, முதற் கிணற்றுக்கு முன்பே கடலோரக் கிராமங்களில் தமிழில் விசாரணை நடத்த வேண்டும். கம்பெனிகள் கூறும் இருப்புக் கணக்கைச் சம்பந்தமற்ற நிபுணர்கள் பரிசோதித்துப் பகிரங்கப்படுத்த வேண்டும். கடல் எண்ணெயின் ராயல்டியில் கரையோர ராஜ்யத்துக்கு ஒரு பங்கு அளிக்க வேண்டும். இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்தவும் வேண்டியதில்லை, பார்லிமெண்டின் சாதாரணச் சட்டமே போதும் என்பது நமது அபிப்பிராயம். கோயமுத்தூர், திருப்பூர், ராமநாதபுரம், தூத்துக்குடி அங்கத்தினர்கள் ஒன்றுசேர்ந்து அதற்கான மசோதாவை அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவருவார்களா?