மரம் தந்த வர்ணங்கள்

தை அமாவாசையன்று ஸமுத்திர ஸ்நானத்துக்காகக் கோடியக்கரைக்குப் போயிருந்தோம். ஸ்நானம் முடிந்ததும் அவ்வூர் நண்பர் ஒருவருடைய வீட்டில் சற்று இளைப்பாறினோம். கூடத்துச் சுவரில் ஒரு சித்திரம். அந்தி நேரம், கிராமத்துப் பாதையில் ஒரு மாட்டு வண்டி போகிறது.

"பேஷான வர்ணம்! யார் தீட்டியது?" என்று கேட்டோம்.

நண்பர் சிரித்தார். "தொட்டுப் பாருங்கள். இதில் ஒரு சொட்டு வர்ணங்கூடக் கிடையாது" என்றார்.

தொட்டுப் பார்த்தோம். அவ்வளவும் மரம்!

மைசூரில் வாங்கிய படமாம் அது. விலையைக் கேட்டதும், 'சற்று அதிகந்தான்' என்று எண்ணினோம். செய்யும் விதத்தைக் கேட்டபின் அந்த எண்ணத்துக்காக வெட்கப்பட்டோம்.

முதலில் காகிதத்தில் சித்திரம் எழுதுகிறார்கள். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தந்த நிறத்துக்குரிய மெல்லிய மரத்தகட்டின்மேல் ஒட்டி, நூலிழை போன்ற ரம்பத்தால் அறுக்கிறார்கள். பிறகு ஈட்டிமரப் பலகையில் அதே வடிவத்தில் குழிந்த இடம் செதுக்கி, பசையிட்டுப் பதித்து, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்குக் கருங்காலி, சிவப்புக்கு வேங்கை இனத்துப் படாக். மரத்தில் ஓடும் ரேகையே மேகமாகிறது, நீரலையும் ஆகிறது.

1912-ல் கட்டி முடிந்த மைசூர் அரண்மனையில், ஈட்டிமரத்தில் தந்தம் பதித்த அழகிய கதவை இன்றும் காணலாம். தந்த வியாபாரத்தைச் சட்டம் தடுத்துவிட்டது. யானையின் உயிரைக் கருதினால் அது நியாயமே. தந்தம் போனாலும் தொழில் நின்றது. ஆனால் மரமே அருகிப் போனால்? தமிழ்நாட்டில் ஈட்டிமரத்தைக் காப்பாற்ற 1994-ல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வெட்டுவது ஒரு நாள் வேலை. பலகைக்கு ஏற்றபடி வளர்வதற்கோ பல தலைமுறை வேண்டும்.

திரும்பும் வழியில் கோடியக்கரைக் காட்டைப் பார்த்தோம். 1967 முதல் சரணாலயமாகக் காக்கப்படும் காடு அது. பாலை மரங்களின் நிழலில் வெளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. காலையில் அந்தக் காடு நமக்கு வெறும் பச்சையாகத்தான் தெரிந்தது. மாலையிலோ, ஒவ்வொரு அடிமரத்துக்குள்ளும் என்ன நிறம் ஒளிந்திருக்கிறதோ என்று எண்ணிக்கொண்டே நடந்தோம்.

கடையில் வாங்கிய வர்ணம் தீர்ந்தால் மறுநாள் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். காட்டில் தீர்ந்துபோன வர்ணத்தை எந்தக் கடையில் வாங்குவது?