அஞ்சு நாள், ரெண்டு நாடு, ஒரு ரைஸ் குக்கர்

ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ஸில் ஏறி சென்னை எழும்பூரில் இறங்க ஆகும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் இறங்கிவிடலாம். சுமார் நாலு மணி நேரம்தான். கோலாலம்பூரும் அப்படித்தான். கொழும்பு இன்னும் பக்கம், ஒரு மணி நேரம். 2024 ஜூனில் புது முனையமும் செயல்பாட்டுக்கு வந்துவிட்டது. ஒரு காலத்தில் சம்பாதிக்கப் போகிறவர்களும் அவர்களை வழியனுப்ப வேன் பிடித்து வரும் சொந்தக்காரர்களும் மட்டுமே நின்ற இடத்தில், இப்போது தொப்பியும் கூலிங்கிளாஸுமாகச் சுற்றுலாக் குடும்பங்கள் நிற்கின்றன. தில்லை நகர், உறையூர், ஸ்ரீரங்கம் என்று எல்லாப் பக்கமும் நடுத்தரக் குடும்பங்களின் கோடை விடுமுறைப் பட்டியலில் 'ஃபாரின் டூர்' ஏறிவிட்டது.

ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்தக் குடும்பங்கள் போடும் திட்டத்தைப் பார்த்தால்தான் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

அநேகமாக எல்லாருடைய திட்டமும் ஒன்றுதான். அஞ்சு நாள், நாலு ராத்திரி, சிங்கப்பூர் ப்ளஸ் மலேசியா. மெர்லயன் சிலை, செந்தோசா, யுனிவர்சல் ஸ்டுடியோஸ், கார்டன்ஸ் பை த பே, பறவைப் பூங்கா, அப்புறம் பஸ்ஸில் எல்லை தாண்டி கோலாலம்பூர், இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் மலை... எண்ணிப் பார்த்தால் ஒரு பதினாலு இடம் தேறும். "ரெண்டு நாடு பார்த்தாச்சு" என்று ஊர் திரும்பிச் சொல்லிக்கொள்ளலாம். கொடுத்த காசுக்கு இடம் நிறைய, ஆகவே லாபம். இதுதான் வீட்டில் நடக்கும் கணக்கு.

இந்தக் கணக்கு தப்பு. அக்கவுண்டன்சி படித்தவர்கள் யாரும் இதற்கு மார்க் போட மாட்டார்கள் :-)

முதலில் உள்ளூரைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து டூரிஸ்ட் பஸ்ஸில் வருகிறவர்கள் திருச்சியை எப்படிப் பார்க்கிறார்கள்? காலையில் மலைக்கோட்டை, நானூறுக்கும் மேற்பட்ட படிகள், உச்சியில் மூச்சு வாங்க ஒரு போட்டோ. அங்கிருந்து திருவானைக்காவல். அப்படியே ஸ்ரீரங்கம். போய்ச் சேரும்போது நடை சாத்தியிருக்கும். 236 அடி ராஜகோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, மதியமே தஞ்சாவூருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏழு பிராகாரம், இருபத்தோரு கோபுரம், 156 ஏக்கர் கோயில். அதற்கு ஒரு மணி நேரம்! உத்திர வீதியில் சாயங்காலம் நடப்பதும், 1943-லிருந்து நெய் தோசை போடும் திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸில் காத்திருந்து சாப்பிடுவதும் அவர்களுடைய காகிதத்தில் கிடையாது. "ஐயோ பாவம், இவங்க என்னத்தைப் பார்த்தாங்க?" என்று ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள்.

அதே ஸ்ரீரங்கத்துக்காரர்கள்தான் சிங்கப்பூரை அப்படியே பார்த்துவிட்டு வருகிறார்கள்.

சரி, கணக்குக்கு வரலாம். சிங்கப்பூர், மலேசியா இரண்டும் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நள்ளிரவு 12 மணிக்குத் திருச்சியில் கிளம்பும் விமானம் நாலு மணி நேரத்தில் இறங்கினால் அங்கே காலை 6.30. உடம்புக்கு இன்னும் விடிகாலை 4. ஹோட்டலிலோ பொதுவாக மதியம் 2, 3 மணிக்குத்தான் ரூம் தருவார்கள். தூங்காத கண்ணோடு, பல் துலக்கியும் துலக்காமலும், முதல் நாள் 'சிட்டி டூர்' ஆரம்பம். எழுபது வயது தாத்தா, பாட்டி உட்பட.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. ஒரு நாளைக்கு விழித்திருக்கும் நேரம் 14 மணி என்றால் அஞ்சு நாளைக்கு 70 மணி. அதில்,

- முதல் நாள் தூக்கம் கெட்ட காலை: 6 மணி
- சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு பஸ்: சுமார் 350 கிலோமீட்டர், நடுவே இரண்டு நாட்டு குடிநுழைவு வரிசை. 7 மணி
- தினமும் எல்லாரும் வந்து சேரும்வரை பஸ்ஸில் காத்திருப்பது: 8 மணி
- இரண்டு ஹோட்டலில் பெட்டி கட்டுவது, அவிழ்ப்பது: 3 மணி
- சாக்லேட் கடை, வாட்ச் கடை என்று பஸ் கட்டாயம் நிற்கும் இடங்கள்: 4 மணி
- திரும்பும்போது விமான நிலையம்: 4 மணி
- சாப்பாடு: 12 மணி

மொத்தம் 44 போனால் மிச்சம் 26. பதினாலு இடத்துக்கு வகுத்தால் ஓர் இடத்துக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதிலேயே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் நேரமும் அடக்கம். ஒரே ஒரு நாட்டை வெட்டிப் பாருங்கள். பஸ் 7, பெட்டி 3 என்று 10 மணி நேரம் திரும்ப வந்துவிடும். இடங்களையும் ஏழாகக் குறைத்தால் ஓர் இடத்துக்கு அஞ்சு மணி நேரம். காசும் அதிகமில்லை, நாளும் அதிகமில்லை. பட்டியல்தான் சின்னதாகிறது.

இது நேரக் கணக்கு. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதுதான் ரைஸ் குக்கர்.

ஸ்ரீரங்கத்துக் குடும்பம் வெளிநாடு கிளம்பினால் பெட்டியில் முதலில் ஏறுவது துணி அல்ல. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தோசை மிளகாய்ப் பொடி, மணப்பாறை முறுக்கு, தட்டை, அரிசி, அப்புறம் குட்டி ரைஸ் குக்கர். இதைக் கிண்டல் செய்வது சுலபம். நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் வாழ்நாள் முழுக்க வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத ஒரு பாட்டிக்கு அந்தப் பெட்டி தைரியம் தருகிறது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

கேள்வி வேறு. அந்தக் குக்கரை யார் வைக்கிறார்கள்?

காலை ஏழு மணிக்கு பஸ் வரும் என்றால், அஞ்சு மணிக்கு எழுந்து ஹோட்டல் அறையில் சாதம் வடித்து, புளிக்காய்ச்சல் கலந்து, டப்பாவில் அடைத்து, எல்லாருக்கும் ஸ்பூன் எடுத்து வைப்பது அம்மா. (பல ஹோட்டல்களில் அறைக்குள் சமைக்கவே கூடாது. புகை அலாரம் அடித்தால் வாசலில் போய் அசடு வழிவதும் அவர்தான்.) இருபத்தஞ்சு வருஷமாக விடுமுறையே இல்லாமல் ஓடிய அடுப்படி, பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பி வந்துவிட்டது. குடும்பத்தில் நாலு பேருக்குச் சுற்றுலா, ஒருத்தருக்கு இடமாற்றம்!

ஒரு சீட்டு எடுத்தோ, சேமிப்பை உடைத்தோ, அநேகமாக வாழ்க்கையில் ஒரே ஒருமுறை போகும் பயணம் இது. அதில் அம்மாவுக்கு லீவு இல்லையென்றால் திட்டம் போட்டவர்கள் எதையோ மறந்திருக்கிறார்கள். ஆகவே வெளிநாட்டுப் பயணத் திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது இடப்பட்டியல் அல்ல, சாப்பாட்டுப் பட்டியல். எந்த நாள், எந்த வேளை, எங்கே, என்ன. அது முடிவானால் இடங்கள் தானாக அதைச் சுற்றி அமையும்.

"சைவத்துக்கு அங்கே என்ன கிடைக்கும்?" என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் நாலு ஆட்சிமொழிகளில் ஒன்று. சிராங்கூன் சாலைப் பக்கம் ஆனந்த பவன் 1924-லிருந்தும், கோமள விலாஸ் 1947-லிருந்தும் இட்லி தோசை போடுகின்றன. ஆனால் அஞ்சு நாளும் அங்கேயே சாப்பிட்டால் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஹாக்கர் சென்டர் என்று சொல்லப்படும் கூட்டு உணவுக்கூடங்கள்தான் அந்த ஊரின் உயிர். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அந்தப் பழக்கத்தையே பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே பல இடங்களில் சீன பௌத்த சைவக் கடைகள் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், அந்தச் சமையல் மரபிலும் வெங்காயம், பூண்டு விலக்கு! ஸ்ரீரங்கத்துப் பாட்டியும் சீனத்துப் பாட்டியும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. எல்லாக் கடையும் அந்த விதியைப் பின்பற்றும் என்று சொல்ல முடியாது, கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்க வேண்டியவை இன்னும் சில. சம்பல் என்ற காரத் துவையலில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். நாசி லெமாக் என்பது தேங்காய்ப்பால் சாதம்தான், ஆனால் கூடவே நெத்திலி வரும். காயா டோஸ்ட்டில் தடவும் இனிப்பில் முட்டை உண்டு. பரோட்டாவின் பங்காளியான ரொட்டி பராட்டாவின் மாவில் முட்டை இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. தேங்காய்ப்பால், பனைவெல்லம், பச்சை நிறத்தில் நூல் நூலாக அரிசிமாவு போட்ட செண்டோலை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம். வெயிலுக்கு அமிர்தம். இந்த அரைப் பக்கத் தகவலைக் கிளம்புவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொண்டால் குக்கருக்கு வேலை பாதியாகக் குறைந்துவிடும். அரிசியை விட்டுவிட்டு புளிக்காய்ச்சலையும் முறுக்கையும் மட்டும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சூயிங்கமும் புகையிலை சேர்ந்த பாக்கும் மட்டும் பெட்டியில் வேண்டாம், சிங்கப்பூரில் தடை.

திட்டம் இப்படியும் இருக்கலாம். முதல் நாள், பெட்டியை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு டிபன், ரூம் கிடைத்ததும் தூக்கம். சாயங்காலம் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். 1855-ல் நரசிம்மர் கோயிலாக ஆரம்பித்தது, ரங்கநாதரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாக இருக்காது. இரண்டாம் நாள் சைனாடவுன். 1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோயிலே அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் மேக்ஸ்வெல் உணவுக்கூடம். மூன்றாம் நாள் காலை தாவரவியல் பூங்கா, நுழைவு இலவசம், 2015 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மதியம் ஓய்வு, இரவு கார்டன்ஸ் பை த பேயின் ஒளிக்காட்சி. நாலாம் நாள் பிள்ளைகள் கேட்கும் இடம், முழு நாளும். அஞ்சாம் நாள் கடைவீதி, விமானம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவில் ஒரு தூக்கம்.

"பேக்கேஜில் போனால் பாதுகாப்பு, பாஷை தெரியாத ஊரில் பெரியவர்களை வைத்துக்கொண்டு அலைய முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சிங்கப்பூர் விசாவுக்கு எப்படியும் பெரும்பாலோர் அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம்தான் விண்ணப்பிக்கிறார்கள். சக்கர நாற்காலி தேவைப்படும் பெரியவர் இருந்தால் ஏற்பாட்டாளர் துணை பெரிய உதவி. ஆனால் பேக்கேஜ் என்றால் பதினாலு இடம் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஒரே ஊர், நாலு ராத்திரி, கடைகளில் நிறுத்தாத வண்டி என்று கேட்டு வாங்கலாம். கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பணத்தில் ஒரு குறிப்பு. 2020 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு வாங்கினால் விற்பவரே டிசிஎஸ் என்ற வரியை மேலே சேர்த்து வசூலிக்கிறார். விகிதம் சில முறை மாறியிருக்கிறது. விமான டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கினால் அது தொகுப்பு ஆகாது. கட்டிய டிசிஎஸ்ஸும் காணாமல் போகாது, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அதிகமிருந்தால் திரும்பப் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாத பல குடும்பங்கள் இந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகின்றன. மலேசியாவுக்கு மட்டும் போகிறவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா விலக்கு, 2026 முடியும்வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஆக, இந்தத் தடவை ஒரு நாடு, இன்னொரு வருஷம் இன்னொரு நாடு என்று பிரித்துக்கொள்ள வழி இருக்கிறது.

காமர்ஸில் 'மூழ்கிய செலவு' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். போட்ட காசு போட்டதுதான், அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது. "இவ்வளவு காசு கட்டியாச்சு, பார்க்காம விட்டா வேஸ்ட்" என்று கால் வீங்கிய பாட்டியை எட்டாவது இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவது அந்தத் தப்புதான். பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அம்மா கையைக் கட்டிக்கொண்டு, வேறு யாரோ செய்த செண்டோலைக் குடித்துக்கொண்டிருந்தால் அதுவும் காசுக்குக் கிடைத்த பலன்தான். சொல்லப்போனால் அதற்குத்தான் அவ்வளவு தூரம் போகிறார்கள்.

திட்டம் எழுதும் காகிதத்தை வீட்டில் யார் கையில் முதலில் கொடுப்பது என்று சந்தேகம் வந்தால், வருஷம் முழுக்கச் சமைக்கிறவர் கையில் கொடுங்கள். அவர் வெட்டுகிற இடங்கள் எல்லாம் வெட்ட வேண்டிய இடங்களாகத்தான் இருக்கும்.