கைக்கோல் பிடித்த கண்டக்டர்

"பையன் கண்டக்டராகப் போகிறானாம், கேட்டீரா?" என்று என் நண்பர் ஒருவர் கண்டி வாவிக் கரையில் என்னிடம் முறையிட்டார். பேராதனை பஸ்ஸில் சீட்டுக் கிழிக்கும் தொழிலை அவர் கூறவில்லை என்பது சற்றுப் பின்னரே எனக்கு விளங்கிற்று. மேனாட்டு வாத்தியக் குழுவின் முன்னே சிறு கோலொன்றை ஏந்தி நிற்பாரே, அவரைத்தான் குறிப்பிட்டார். பையன் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறான், வயலினும் வாசிப்பான். தந்தைக்கோ அவனை டாக்டராகக் காணவேண்டுமென்ற ஒரே ஆசை.

எனக்கு உடனே சுபின் மேத்தாவின் நினைவு வந்தது. 1936இல் பம்பாயில் பிறந்த அவரும் மருத்துவப் படிப்பிற்கென்றே கல்லூரியில் சேர்க்கப்பட்டவர். ஈராண்டுகளில் அதனைக் கைவிட்டு, 1954இல், தமது பதினெட்டாம் வயதில், வியன்னா நகருக்குச் சென்று ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்னும் ஆசிரியரிடம் மாணாக்கரானார்.

இக்கலையில் ஒரு விந்தை உண்டு. நம் கோயில் மேளத்தில் தலைமை நாதஸ்வரக்காரர் தாமும் வாசித்தே பிறரை நடத்துகிறார். இவரோ மேடையில் ஒலியெழுப்பாத ஒரே மனிதர். ஆயினும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரவரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட ஏட்டை ஒரே பார்வையில் படித்து, அத்தனையையும் மனத்துள் ஒருங்கே கேட்கவேண்டும். பெரும்பாலும் வலக்கை காலத்தைக் காட்டும். இடக்கை ஓசையின் ஏற்றத்தாழ்வை உணர்த்தும். வயலின் மாணவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்யலாம். இவருடைய வாத்தியமோ எண்பது மனிதர்! அதை எந்த வீட்டில் வைத்துப் பழகுவது?

மேத்தா பழகிய வழிகள் சுவையானவை. டபிள் பாஸ் என்னும் பெருந்தந்தி வாத்தியத்தைக் கற்றுக் குழுவினுள்ளே அமர்ந்தார். தோழர் கிளாடியோ அபாடோவுடன் பாடகர் குழுவில் சேர்ந்தார். கராயன் போன்ற மேதைகள் ஒத்திகை நடத்துவதை அருகிருந்து காண்பதே நோக்கம். 1956இல் ஹங்கேரியப் புரட்சியால் அகதிகள் வந்து குவிந்தபோது, ஒரே வாரத்தில் மாணவர்களைத் திரட்டி அகதி முகாமில் கச்சேரி நடத்தினார். 1958இல் லிவர்பூல் போட்டியில் முதற்பரிசு பெற்று அங்கே ஓராண்டு துணை நடத்துநராக இருந்தார். பின்னர் மொன்றியலிலும் லொஸ் ஏஞ்சல்ஸிலும் மூத்த நடத்துநர்கள் வரவியலாதபோது அவர்களுக்குப் பதிலாக நின்றார். 1962இல், இருபத்தாறாம் வயதில், லொஸ் ஏஞ்சல்ஸ் குழுவின் இசை இயக்குநரானார்.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லி முடித்தேன். நண்பர் வாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருடைய தகப்பனார் யார்?" என்றார்.

உண்மையை மறைக்கவியலவில்லை. தந்தை மெஹ்லி மேத்தா வயலின் வித்துவான். 1935இல் பம்பாய் சிம்பனி வாத்தியக் குழுவை நிறுவியவர். மகன் பதினாறாம் வயதிலேயே அக்குழுவின் ஒத்திகையை நடத்தியவன்.

"நான் தோட்டக் கந்தோரில் கணக்கெழுதினவன். என் வீட்டில் எந்தக் குழு இருக்கிறது?"

நியாயமான கேள்வி. என்னிடம் விடை இல்லை. கொழும்பில் 1958 முதல் சிம்பனி வாத்தியக் குழு ஒன்று உண்டென்பதை மட்டும் கூறினேன்.

நேற்றுப் பையனே வீட்டுக்கு வந்தான். "மாமா, பரீட்சை முடிந்ததும் கொழும்புக் கச்சேரிக்கு அழைத்துப்போவதாக அப்பா சொல்லிவிட்டார்" என்றான். சற்று நின்று, தயக்கத்துடன் கேட்டான்: "கச்சேரி முடிந்த பிறகு இரவில் கண்டிக்கு ரயில் இருக்குமா?"