நாய் யாருக்குக் குரைக்கிறது?

டெல்லியின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு 2025 ஓகஸ்ட் 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதியரசர் அமர்வு உத்தரவிட்டது. பதினொரு நாளில் மூவர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள். விசர்நாய்களையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடாதீர்கள் என்றது. பாக்குநீரிணையைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்ந்தது என்னவோ முதல் உத்தரவு மட்டும்தான். டெல்லி துணிந்ததைக் கிளிநொச்சி ஏன் செய்யக்கூடாது என்று கேட்பவர்கள் கட்டாக்காலி நாய்கள்மீது மூன்று குற்றம் சுமத்துகிறார்கள்: கடிக்குது, ஏ9 வீதியில் குறுக்கே பாயுது, இரவிரவாகக் குலைக்குது. முதல் இரண்டும் மெய்யான தொல்லைகள். மூன்றாவதையும் பட்டியலில் சேர்த்தவர்களோடுதான் என் வழக்கு.

குரைப்பது நாயின் காட்டுக்குணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது மனிதனோடு வாழ்ந்து பெருகிய குணம். நாயின் மூதாதையான ஓநாய்க்கும் குரைக்கத் தெரியும். ஆனால் அரிதாகவே குரைக்கும். ஓநாய்க் குரல்களை வகைபிரித்து ஆராய்ந்த ஷாஸ்பர்கரின் கணக்கில் குரைப்பின் பங்கு வெறும் 2.3 சதவீதம். நூறு குரலில் இரண்டோ மூன்றோ; அதுவும் எச்சரிக்க, எதிர்க்க. நாயோ படலையில் ஆள் நின்றால் குரைக்கிறது, வீட்டார் திரும்பினால் குரைக்கிறது, தனியே கட்டிவிட்டுப் போனால் குரைக்கிறது, விளையாடக் கூப்பிடவும் குரைக்கிறது. நாய் பிடிக்கும் வண்டி ஒவ்வொன்றின் முகப்பிலும் அந்த 2.3ஐ எழுதி ஒட்டவேண்டும் என்பேன். இலங்கையில் ஓநாய் இல்லை, ஒப்பிட நரி இருக்கிறது. மம்மல் பொழுதில் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பற்றைக்குள் நரி ஊளையிட்டால், வளவு நாயும் கழுத்தை நிமிர்த்தி ஊளையாலேயே பதில் கொடுக்கும். அந்நேரம் படலைச் சங்கிலி கிலுங்கட்டும்: ஊளை அறுந்து குரைப்பு வெடிக்கும். ஊளை இனத்துக்கு, குரைப்பு வீட்டாருக்கு.

இந்த மாற்றம் எப்படி வந்திருக்கும் என்பதற்கு சைபீரியாவின் நொவோசிபிர்ஸ்கில் ஒரு தடயம் உண்டு. அங்கே திமித்ரி பெல்யாயெவ் 1959இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனிதரைக் கண்டு அஞ்சாத, கடிக்க வராத வெள்ளிநரிகளை மட்டும் தெரிந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனம்பெருக்கினார். குரலுக்காக எந்த நரியும் தெரிவு செய்யப்படவில்லை. ஆயினும் பிற்காலத்தில் ஒலிகளைப் பதிந்து ஒப்பிட்டபோது வேறுபாடு தெரிந்தது. பழகாத நரிகள் மனிதரைக் கண்டதும் இருமுவதுபோலவும் மூக்கால் சீறியும் ஒலியெழுப்பின. பழகியவை அவ்விரண்டையும் விட்டுவிட்டு, கொக்கரிப்புப் போன்ற ஒலியோடும் மூச்சிரைப்போடும் எதிர்கொண்டன. அரை நூற்றாண்டில் நரிக்கே இது நடந்ததென்றால், பதினாலாயிரம் ஆண்டுக்குக் குறையாமல் மனிதனின் அடுப்படியில் கிடந்த நாய்க்கு எவ்வளவு நடந்திருக்கும்!

நாயின் பேச்சு நம் காதுக்குப் புரிகிறதா என்பதை புடாபெஸ்டில் பீட்டர் பொங்க்ராட்ஸ் குழுவினர் சோதித்தார்கள். ‘மூடி’ என்னும் ஹங்கேரிய மேய்ச்சல் நாய்கள் ஆறு வெவ்வேறு சூழல்களில் குரைத்ததைப் பதிந்து, ஒலியை மட்டும் ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். குருட்டு வாக்கில் சொல்வதைவிடக் கேட்டவர்கள் கூடுதலாகவே சரியாகச் சொன்னார்கள். நாயே வளர்க்காதவர்கள்கூட வளர்த்தவர்களுக்குச் சளைக்கவில்லை. பிறவியிலேயே பார்வையற்றோரும், கோபக் குரைப்பைப் பொறுத்தவரை ஆறு வயதுப் பிள்ளைகளும், தேறினார்கள். சூட்சுமம் எளியது: தாழ்ந்து, கரகரத்து, இடைவிடாமல் வந்தால் கோபம், உயர்ந்து, தெளிந்து, விட்டுவிட்டு வந்தால் தனிமையோ விளையாட்டோ. வயற்பரணில் விழித்திருப்பவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஹங்கேரி தேவையில்லை.

மறுப்பும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் கொப்பிங்கர் குரைப்பில் செய்தி எதுவும் இல்லை, குட்டித்தனம் தீராத விலங்கின் வெறும் சத்தம் அது என்றார். ஆறு வயதுப் பிள்ளைக்கு விளங்குவது பேராசிரியருக்கு விளங்காவிட்டால் அது நாயின் பிழையல்ல. ‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்று பழமொழி சொல்வோரும் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். எந்தக் குரைப்பு என்று பிரித்தறியாதவனுக்கு அந்தப் பழமொழி காயத்தில்தான் முடியும். நித்திரை குழம்புகிறது என்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? திருவிழாக் காலத்தில் விடியவிடிய ஒலிபெருக்கியின் கீழ் உறங்கத் தெரிந்த காதுகளுக்கு நாய் மட்டும் பாரமாகிவிட்டது!

நீர்வெறுப்பு நோயைக் காட்டிப் பயமுறுத்துவோர் கணக்கைப் பார்க்கட்டும். 1973இல் இந்நாட்டில் அந்நோயால் 377 பேர் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது பெரும்பாலும் ஐம்பதுக்கும் கீழே. நாய்களைக் கொல்வதை அரசு 2006இல் நிறுத்திய பின்னும் அந்த இறக்கம் தலைகீழாகவில்லை. காத்தது ஊசி. நூறு நாயில் எழுபதுக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆகவே பிரதேச சபைகள் வண்டிக்கும் கூண்டுக்கும் ஒதுக்க நினைக்கும் காசை ஊசிக்கும் கருத்தடைக்கும் போடட்டும். ஆரம்பப் பாடசாலைகளில் குரைப்பை வகைபிரிக்கப் பழக்கட்டும், கடி கொஞ்சமாவது குறையக்கூடும். நெடுங்கேணியிலும் துணுக்காயிலும் யானை இறங்கும் ஊர்கள் மின்வேலிக்கு வரிசையில் காத்திருக்கின்றன. வேலி வரும்வரை மிச்சச் சோற்றுக்குக் காவல் நிற்கும் நாயை அங்கிருந்து ஏற்றி அனுப்பத்தான் வேண்டுமென்றால், அன்றிரவு படலையில் யார் குரைப்பது என்பதையும் தீர்மானத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடட்டும்.