தாயின் அச்சமும் சேயின் எடையும்

கருவுற்ற பெண்ணுக்குப் பாலும் பழமும் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். அவள் எந்த ஊரில், எத்தகைய மனிதர்களுக்கிடையே, என்ன மனநிலையில் வாழ்கிறாள் என்று கேட்பவர் சிலரே. வயிற்றுப் பிள்ளைக்கு உணவைப் போலவே தாயின் மன அமைதியும் இன்றியமையாதது என்பது என் கருத்து. பிறந்த மண்ணை விட்டு அயல்மண்ணில் வாழும் தாய்மாரின் நிலை இதற்குச் சான்று.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1980 முதல் 1995 வரை நிகழ்ந்த பிறப்புகளை டேவிட், காலின்ஸ் என்னும் மருத்துவர்கள் ஆராய்ந்து 1997-ல் வெளியிட்டனர். அமெரிக்க வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகளுடைய சராசரி எடை 3446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அங்குக் குடியேறிய தாய்மாரின் குழந்தைகள் 3333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளோ 3089 கிராம். எடைக் குறைவுக்குப் பரம்பரையே காரணமென்றால், ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்தவர்களின் குழந்தைகள் அன்றோ மிகவும் எடை குறைந்திருக்க வேண்டும்? குறை குருதியில் இல்லை; நாள்தோறும் இழிவைத் தாங்கி வாழும் வாழ்க்கையில் இருக்கிறது என்றே நான் கொள்கிறேன்.

அச்சத்தின் ஆற்றலுக்கு மற்றொரு சான்றும் உண்டு. 2008 மே 12 அன்று அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்னும் சிற்றூரில், ஓர் இறைச்சித் தொழிற்சாலையைக் குடிவரவு அதிகாரிகள் முற்றுகையிட்டு 389 பேரைக் கைது செய்தனர். அதற்குப் பிந்தைய 37 வாரங்களில், அம்மாநில லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாருக்கு இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தை பிறக்கும் வாய்ப்பு, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 24 சதவீதம் உயர்ந்திருந்தது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள தாய்மாரும் இதற்கு விலக்கல்லர். வெள்ளையினத் தாய்மாரிடம் இவ்வுயர்வு காணப்படவில்லை.

மனத்தின் துயர் கருவை எவ்வாறு எட்டுகிறது? விலங்கியல் மாணவி என்ற முறையில் சுருக்கமாகச் சொல்கிறேன். அஞ்சும்போது அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்து குழந்தையைக் காக்கிறது. ஆனால் கவலை நீடித்தால் அந்தக் காவலும் தளரக்கூடும். கரு வளர்ச்சி குன்றவும், பேறுகாலம் முந்தவும் வழி ஏற்படலாம்.

வந்தேறிய பெண் புதிய நாட்டின் மொழியையும் முறைகளையும் கற்க வேண்டியதுதான். ஆனால், "எங்களைப் போல் மாறு" என்று ஒருபுறம் நெருக்கி, "நீ எங்களவள் அல்ல" என்று மறுபுறம் ஒதுக்கினால் அவள் எங்கே போவாள்? தன் தாய் சமைத்த உணவும், உற்றாரின் துணையும், தன் மொழியில் ஒரு சொல்லும் அவளுக்கு ஆடம்பரமல்ல, மருந்து. நாம் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதன் பொருளும் இதுவே.

அந்தத் தாய்வீடு எட்டாத் தொலைவில் உள்ள பெண்கள் இன்று நம்மிடையேயும் இருக்கிறார்கள். திருப்பூர் ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் உழைக்க ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். வலியைச் சொல்லக்கூட மொழியின்றி நம் மருத்துவமனை வாசலில் ஒருத்தி நிற்கும்போது, அவள் மொழி அறிந்த ஒருவரை உடன் நிறுத்துவது பெருஞ்செலவா? இந்தியோ ஒடியாவோ அறிந்த மாணவர் நம் கல்லூரியில் இல்லையா? நாட்டு நலப்பணித் திட்டத்தினர் இதனை மேற்கொள்ளலாமே! அயலாளின் அச்சத்தைக் குறைப்பது அறம் மட்டுமன்று; இன்னும் பிறவாத ஒரு குழந்தைக்கு நாம் ஊட்டும் முதல் உணவும் அதுவே.