கங்காணியை மறந்த பாடப்புத்தகம்

மனித வள முகாமைத்துவத்தின் 'பரிணாமம்' எண்டு எங்களுக்குப் படிப்பிக்கிற கதை மிகவும் நேரானது. 1911இல் டெய்லர் 'விஞ்ஞான முகாமைத்துவம்' எழுதினார். தொழிலாளியை இயந்திரத்தின் உறுப்பாகப் பார்த்தார். 1924 முதல் 1932 வரை சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஹாவ்தோர்ன் ஆய்வுகள் நடந்தன. எல்டன் மேயோவும் கூட்டாளிகளும் தொழிலாளிக்கும் மனசு இருக்கு எண்டு சொன்னார்கள். 1984இல் மிச்சிகன் மாதிரியும் ஹார்வர்ட் மாதிரியும் வந்தன. ஆளணி நிர்வாகம் மனித வள முகாமைத்துவமாக 'வளர்ந்தது'. கதை முடிஞ்சுது, படத்தைக் கீறினால் புள்ளி கிடைக்கும்.

இந்தக் கதையில் கங்காணி எங்கே?

டெய்லர் எழுத முன்னமே எங்கள் மலையகத் தோட்டங்களில் ஆள் சேர்த்தார்கள். விடியப் பிரட்டுக்களத்தில் எண்ணினார்கள். கொழுந்தை நிறுத்துப் பேர் போட்டார்கள். ஆட்சேர்ப்பு, வேலைப் பங்கீடு, மதிப்பீடு, ஊதியம் எண்டு பாடப்புத்தகத்தின் அத்தியாயங்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஆளைத் 'தக்கவைக்க'வும் வழி இருந்தது: துண்டு முறை. துண்டில் எழுதியிருக்கும் கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் கங்காணியும் அவருடைய ஆட்களும் மாறிப்போகலாம். ஆளோடு கடனும் கைமாறியது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள்.

"அது காலனித்துவம், இது முகாமைத்துவம்" எண்டு சிலர் சொல்லுவினம். அப்பிடிப் பிரிச்சு வைக்கிறதுதான் பிரச்சினையே. அமெரிக்க அடிமைத் தோட்டங்களை முகாமைத்துவ வரலாறு மறைத்துவிட்டது எண்டு பில் குக் 2003இல் எழுதினார். எங்கள் தோட்டங்களைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

மனசைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் ஹாவ்தோர்னிலும் என்ன நடந்தது? சோதனை அறையில் இருந்த ஐந்து பெண்களில் இருவரை, கூடக் கதைக்கினம், ஒத்துழைக்கேல்ல எண்டு 1928இல் மாற்றினார்கள். மனசு இருக்கலாம், வாய் இருக்கக்கூடாது!

மிச்சிகன் மாதிரி தெரிவு, மதிப்பீடு, வெகுமதி, விருத்தி எண்ட நாலையும் நிறுவனத்தின் உபாயத்துக்குப் பொருத்தப் பார்க்கிறது. ஹார்வர்ட் மாதிரி அக்கறையுடையோர் பட்டியலில் தொழிற்சங்கத்தையும் சமூகத்தையும் சேர்க்கிறது. சோதனைக்கு ஹார்வர்டைப் பாடமாக்குகிறோம்; வேலைக்குப் போனால் மிச்சிகன்தான் காத்திருக்கு. "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" எண்டு வரவேற்பார்கள். சங்கம் எண்டு வாய் திறந்தால் குடும்பம் கலைஞ்சுபோகும்.

கோட்பாட்டைத் தூக்கி எறியச் சொல்லேல்ல. ஆனால் 1935 தொழிற்சங்கச் சட்டம், 1941 சம்பளச் சபைகள் சட்டம், 1958 ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் எல்லாம் எந்தப் பேராசிரியரின் வரைபடத்திலிருந்தும் வரேல்ல. அவற்றுக்குப் பின்னால் தொழிலாளர் கேட்டதும் மறுத்ததும் வேலையை நிறுத்தியதும் இருக்கு. அந்த வரலாற்றை வெட்டிவிட்டு முகாமையாளர்கள் தாங்களாகவே நல்லவர்களாக மாறின மாதிரிப் படிப்பித்தால், நாளைக்கு எங்கள் உரிமை குறையும்போது அவர்களுடைய நல்ல மனசுக்குத்தான் காத்திருப்போம்.

அடுத்த விரிவுரையில் 'பரிணாமம்' எண்டு ஸ்லைட் வந்தால் கையைத் தூக்குங்கோ. துண்டு முறை எந்தக் கட்டத்துக்குள் வரும் எண்டு கேளுங்கோ.